அப்பா பேசிய பதினொரு நிமிடம்

அன்புள்ள ஜோயல்,

நீ சொன்னபடி உன் கேமராவை உன் சிநேகிதன் விக்கியிடம் கொடுத்துவிட்டேன். பை, லென்ஸ், கழுத்துப்பட்டை எல்லாம் கொடுத்தாயிற்று. உள்ளே இருந்த மெமரி கார்டை மட்டும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஃபோனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். ஃபோனில் நாம் பேசிக்கொள்வது நாலு நிமிடம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே குளிரா, குளிர்தான், உடம்பைப் பார்த்துக்கொள், சரி. ஒன்றரை வருடமாக அந்த நாலு நிமிடத்தை நாம் இரண்டு பேரும் ஒரு சொல் மாறாமல் ஒப்பித்து வருகிறோம். இந்த விஷயத்தை அதற்குள் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்காகக் கடிதம் தட்டச்சு செய்தவள் நான். எனக்காக ஒன்று எழுத உட்கார்ந்தால் கை ஓட மறுக்கிறது. இதற்கு முன்னால் எழுதிய மூன்றைக் கிழித்துவிட்டேன்.

விக்கி ஒரு சனிக்கிழமை கேளம்பாக்கத்திலிருந்து வண்டியில் வந்தான். வெயிலில் முகம் கருத்துப்போயிருந்தது. மோர் கொடுத்தேன், குடித்தான். பீரோ மேலிருந்து பையை இறக்கி அவனே திறந்தான். பேட்டரி உப்பிப்போயிருந்ததால் அதைத் தனியாக எடுத்து வைத்தான். "இது வேலைக்கு ஆவாது ஆன்ட்டி, என்கிட்ட வேற இருக்கு" என்றான். பிறகு கார்டை உருவி என் கையில் வைத்து, "இதுல ஏதாச்சும் இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா குடுங்க. ஜோயல் எடுத்த பழைய கல்யாணம் எதுனா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவன் போன பிறகு அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கல்யாண வீடியோக்கள்தான் மூன்று இருந்தன. நாலாவதாக, பதினொரு நிமிடம் ஓடுகிற ஒன்று இருந்தது. அதன் சின்னப் படத்தில் நம் வீட்டு பால்கனிக் கதவு தெரிந்தது. கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். நீ வாங்கிக் கொடுத்த சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். அந்த ஸ்வெட்டரை அவர் போட்டுக்கொண்டது கடைசி மாதத்தில் மட்டும்தான். உடம்பில் சதை இல்லாமல் போய், ஊரப்பாக்கத்துப் பகலிலேயே அவருக்குக் குளிரெடுத்த நாட்கள் அவை.

திறந்தேன். அப்பா வாயைத் திறந்தார், அப்படியே நின்றுவிட்டார். குரல் மட்டும் ஓடியது. "ஜோயல்" என்று கேட்டது. பிறகு குரலும் விக்கியது. படம் திடீரென்று தாவி, மடியில் இருந்த கை மூக்கருகே வந்திருந்தது. நடுவில் அது எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. முகத்தில் கட்டம் கட்டமாகப் பச்சை படர்ந்தது. மறுபடி நின்றது. கண் பாதி மூடிய நிலையில் நின்ற அந்த முகத்தை அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்பெட்டிக்குள் பார்த்த முகம் அப்படித்தான் இருந்தது. சட்டென்று திரையை அணைத்துவிட்டேன்.

நாம் பொழிச்சலூரில் வாடகைக்கு இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். நானும் நீயும் கத்திப் பேசுவோம். அப்பா மட்டும் கத்தமாட்டார். சொல்லிக்கொண்டிருந்த சொல்லின் நடுவிலேயே நிறுத்தி, கையை உயர்த்தியபடி சிலை மாதிரி இருப்பார். விமானம் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். உனக்குச் சிரிப்பு தாங்காது. அன்றைக்குத் திரையில் அவர் நின்றபோது முதல் நொடி எனக்கு அதுதான் தோன்றியது. ஏதோ விமானம் போகிறது, போனதும் தொடர்வார் என்று காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தைரியம் வந்து மறுபடி ஓடவிட்டேன். திக்கித் திக்கி ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. அப்போது இரண்டு சொற்கள் காதில் விழுந்தன. "அம்மாகிட்ட." பிறகு கொஞ்சம் இரைச்சல். பிறகு, "ரெண்டு தடவ." அத்தோடு கம்ப்யூட்டர் முழுதாக உறைந்துபோயிற்று. சுட்டியைக்கூட அசைக்க முடியவில்லை. என் கையும் அப்படித்தான் இருந்தது. மீதி என்னவென்று எனக்குத் தெரியும், ஜோயல். கேட்காமலே தெரியும்.

நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத்தான் அந்த மூன்று காகிதங்களைக் கிழித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ விமானத்திலிருந்து இறங்கி வந்து, தோள் பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று, "ஏம்மா எங்கிட்ட சொல்லல? அஞ்சு வாரம்மா. ஏன் சொல்லல?" என்று கேட்டாய். கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். போதகர் இருந்தார், அப்பாவின் தையல் கம்பெனி ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்பாதான் சொல்ல வேணாம்னாருப்பா. சத்தியம் வாங்கிட்டாரு" என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து அதுவாக வந்தது. நீ உள்ளே போய் அவர் காலருகே நின்றாய். முகத்தருகே போகவில்லை. மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் மகன் இரண்டு வார்த்தை பேசலாம் என்று போதகர் கூப்பிட்டபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டாய். வருட நினைவு ஆராதனைக்கு லீவு இல்லை என்று சொல்லி வராமல் இருந்தாய். உன் கோபம் எல்லாம் அவர்மேல் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். செத்தவருக்கு இதெல்லாம் வலிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதற்கு முன்னாலும் ஒரு முறை செய்திருக்கிறேன், அது உனக்குத் தெரியும். உன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் கணக்குக்கும் வேதியியலுக்கும் நடுவில் செங்கல்பட்டுத் தாத்தா இறந்துபோனார். உன்னிடம் சொல்லாமல், பக்கத்து வீட்டில் உன்னை விட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லி நானும் அப்பாவும் போய்ச் சடங்கை முடித்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாள்தான் சொன்னேன். நீ அழுதாய், ஆனால் மதிப்பெண் வந்தபோது உறவுக்காரர்கள் எல்லோரும், "அன்னிக்கு நீ எடுத்த முடிவுதான் சரி" என்று என்னைப் பாராட்டினார்கள். அப்பா மட்டும், "அவன் தாத்தாவ அவன் பாத்திருக்கணும்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று எனக்குத் தெரியும் என்ற திமிர் எனக்கு அப்போதுதான் வந்திருக்க வேண்டும். தப்பு செய்து திட்டு வாங்கியிருந்தால் திருந்தியிருப்பேன். பாராட்டு வாங்கிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வீடியோக் கோப்பை அப்படியே உனக்கு அனுப்பியிருக்கலாம். உன் மடிக்கணினியில் தடங்கலில்லாமல் ஓடியிருக்கும். எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று நான் முதலில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பாதி, பயம் பாதி. எந்தப் பாதி பெரியது என்று இப்போது கேட்டாலும் சொல்ல முடியாது. கார்டுதான் பழுது என்று நினைத்து, கோப்பைக் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்தேன். அதற்கே காபி போட்டுக் குடித்து டம்ளர் கழுவி வைக்கும் நேரம் ஆயிற்று. அங்கிருந்து ஓடவிட்டாலும் அதே திக்கல். திறந்திருந்த மற்றதையெல்லாம் மூடினேன். அணைத்து மறுபடி போட்டேன். வேறொரு ப்ளேயரை இறக்கினேன். அதில் குரல் தடங்கலில்லாமல் வந்தது போலிருந்தது, படம் சுத்தமாக வரவில்லை. நான் குரலை உடனே நிறுத்திவிட்டேன். முகம் இல்லாமல் அந்த வார்த்தைகளைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தும் அதே வேலைதான். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஏதேதோ பெட்டிகளில் டிக் போட்டேன், எடுத்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "தள்ளும்மா" என்று நாற்காலியைப் பிடுங்கி இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பாய். யாராவது தள்ளு என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

திங்கட்கிழமை கார்டை மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் தாம்பரம் போனேன். மேற்குப் பக்கம் மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சந்தில் நசீர் பாய் கடை இருக்கிறது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பார், கல்யாண வீடியோவும் வெட்டி ஒட்டிக் கொடுப்பார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலை செய்பவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கார்டை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டார். ஒரு தட்டு. அவ்வளவுதான். அப்பா அசைந்தார். ஒரு தடங்கலும் இல்லை. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, தொண்டையைக் கனைத்து, "ஜோயல், இது ரெக்கார்டு ஆவுதான்னு தெரியல" என்றார். கடையில் பிரிண்டர் வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

நசீர் பாய் உடனே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். "வூட்டுக்காரராக்கா?" என்றார்.

"ஆமா. இப்ப இல்ல."

அவர் ஸ்டூலை என் பக்கம் தள்ளிப் போட்டார். வந்தவர்களை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஃபைல்ல ஒரு குறையும் இல்லக்கா, பயப்படாதீங்க. கேமராவ ஃபோர் கே-ல வெச்சு எடுத்துக்கீறாரு. அம்மாம் பெரிய படத்த அந்த கேமரா நல்லா நெருக்கி மடிச்சு வெச்சுக்கீது. ஓடவுடும்போது கம்ப்யூட்டரு அத ஒவ்வொரு ஃபிரேமா பிரிச்சுப் போடணும். உங்களுது எத்தினி வருஷத்து மிஷினு?"

"பையன் காலேஜ் சேந்தப்போ வாங்கினது."

"அதான். அது பிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. சமாளிக்க முடியாம வுட்டுட்டுத் தாவுது. நீங்க இன்னா பண்ணாலும் அதுல ஓடாது. சின்ன சைஸ்ல ஒரு காப்பி போட்டுக்கணும். தோ, இங்கயே போட்டுத் தர்றேன், பத்து நிமிசம்."

"நீங்க பாப்பீங்களா?"

"சரியா வந்துகீதான்னு பாக்கணும்ல?"

நான் தயங்கியதைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். ஒரு பில் தாளைத் திருப்பி, வீட்டிலேயே செய்வதற்கு வரிசையாக எழுதிக் கொடுத்தார். எந்த மென்பொருளை இறக்குவது, எந்த இடத்தில் அளவைக் குறைப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று. "உங்க மிஷின்ல நேரம் புடிக்கும். பொழுதுக்கும் ஓடும். வுட்டுடுங்க, நிறுத்தாதீங்க. ஒரிஜினல மட்டும் அழிச்சிடாதீங்கக்கா, அதுதான் சொத்து" என்றார். நான் எழுந்த பிறகு இன்னொன்றும் சொன்னார். "வேணாங்கற இடத்த வெட்டணும்னாலும் அதுலயே முடியும். எங்க முடியணுமோ அந்த நிமிசத்த இந்தக் கட்டத்துல போட்டாப் போதும்." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ரயிலில் திரும்பி வரும்போது பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஒவ்வொரு நிலையமாகப் போனது. எனக்கு அந்தக் கட்டம் மட்டும்தான் கண்ணில் நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை பொத்தானை அழுத்தினேன். கம்ப்யூட்டர் விசிறி இரைய ஆரம்பித்தது. நூற்றில் ஒன்று என்று காட்டியது. சமையல் செய்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்பது. துணி காயப்போட்டுவிட்டு வந்தால் பதினான்கு. பிறகு எனக்கு வேலையே இல்லை. ஒருத்திக்கு எவ்வளவு துணி, எவ்வளவு பாத்திரம். நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த எண்ணுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருத்துவமனையில் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் அந்தக் கருவியின் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. இது ஏறுகிற எண் என்பதுதான் வித்தியாசம். கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போட வந்தவர், "என்ன மேடம், கதவ சாத்திக்கிட்டு சத்தமே காணோம்?" என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் ஒரு வாரமாக என்னிடம் யாராவது கேட்ட முதல் கேள்வி அது. வேலை இருக்கிறது சார் என்றேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்தது.

அதில் என்ன இருக்கிறது என்பதை நீயே பார்க்கப்போகிறாய். ஆனாலும் சொல்கிறேன். நான் மருந்து வாங்க ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்திருக்கிறார். கேமராவைத் தையல் மிஷின் மேல் வைத்திருக்கிறார். நீ கடைசியாக வைத்துவிட்டுப் போன அளவிலேயே அது ஓடியிருக்கிறது, அவருக்கு அதை மாற்றத் தெரியாது. முதல் ஐந்து நிமிடம் உன்னிடம் பேசுகிறார். நீ அனுப்பிய புகைப்படத்தில் கோட்டு தோளில் ஒரு அங்குலம் பெரிதாக இருக்கிறதாம். "கட்டிங் மாஸ்டர் புள்ள இப்படிப் போட்டுக்கினு சுத்தினா எனக்குதான்டா அசிங்கம். அங்க ஒரு தையக்காரரப் பாத்து உள்ள புடிக்கச் சொல்லு" என்கிறார். சிரிக்கிறார். சிரித்ததில் மூச்சு வாங்குகிறது. மூச்சு அடங்கியதும் சொல்கிறார். "எனக்கு ஒடம்பு சரியில்லடா. சரியாவாது. ஃபோன்ல பேசும்போது சொல்லிடலாம்னு வாயத் தொறக்கறேன். உன் கொரலக் கேட்டதும் வரமாட்டேங்குது. அம்மாகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன், உன்ன வரச்சொல்லி. அவ பரீட்சை பரீட்சைங்கறா. அவளும் பயந்துபோய்க் கெடக்கறா, வெளிய காட்டிக்க மாட்டா. நாளைக்கு நீ வந்து கேட்டா அவளத் திட்டாத. அவமேல கோவப்படாதடா."

அவ்வளவு நாளாக நான் பயந்தது அவர் என்னைக் குற்றம் சொல்லியிருப்பார் என்று. அவர் எனக்காக உன்னிடம் பரிந்து பேசியிருக்கிறார், ஜோயல். நான் வாசலில் நின்று பழியை அவர் தலைமேல் தூக்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. நான் தெரியமாட்டேன், என் குரல் மட்டும் வருகிறது. "யார்கிட்ட பேசிட்டு இருக்கீங்க?" என்று கேட்கிறேன். "பையன்கிட்ட" என்கிறார். "ஃபோன் என்கிட்ட இல்ல இருக்கு?" என்கிறேன். அவர், "இன்னிக்காவது அவனக் கூப்புடும்மா" என்கிறார். அதற்கு நான் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். மனம் எப்படி இதையெல்லாம் துடைத்துவிடுகிறது என்று தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. அதுவரைக்கும் தாங்க மாட்டீங்களா?" என்று கேட்கிறேன். எரிச்சலோடு கேட்கிறேன், மருந்துப் பையை மேசையில் வைக்கும் சத்தத்தோடு. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கிறார். "சரி" என்கிறார். நான் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போகிறேன், என் முதுகு மட்டும் ஓரமாகத் தெரிகிறது. அதற்கப்புறம் நாலு நிமிடம் காலி நாற்காலிதான். அன்றைக்கு மிஷின் மேல் கேமரா இருந்ததை நான் பார்த்தேன். எதற்கு எடுத்தார் என்று கேட்காமல், அணைத்துப் பையில் போட்டுப் பீரோ மேல் வைத்துவிட்டேன். அது திங்கட்கிழமை. அன்று இரவே மருத்துவமனையில் சேர்த்தோம். புதன்கிழமை காலையில் போய்விட்டார். நீ அந்தக் கடைசிப் பரீட்சையை எழுதாமலேயே விமானம் ஏறினாய். எதைக் காப்பாற்றுவதற்காக உன்னைக் கூப்பிடாமல் இருந்தேனோ, அதுவும் கிடைக்கவில்லை.

பரீட்சை மட்டும்தான் காரணமா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை. நீ வெளிநாடு போய்ப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். அப்பாவுக்கு அரை மனதுதான். நீ ஐந்தே மாதத்தில் திரும்பி வந்து அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் என்னைத் தனியாக விட்டுப் போகமாட்டாய் என்று பயந்தேன். இன்னொன்றும் உண்டு. உன்னைக் கூப்பிட்டுவிட்டால் அவர் சாகப்போகிறார் என்று நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நான் உனக்கு ஃபோன் செய்யாதவரை அது வெறும் காய்ச்சல், வெறும் வயிற்றுவலி. இவ்வளவுதான் காரணம். பெரிய தியாகம் எதுவும் அதில் இல்லை.

புதன்கிழமை அந்த மென்பொருளை மறுபடி திறந்தேன். முடிய வேண்டிய நிமிடத்தை அந்தக் கட்டத்தில் போட்டேன். கோட்டைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறார் பார், அந்த இடத்தோடு முடிகிற மாதிரி. மதியத்துக்குள் தயாராகிவிட்டது. நாலு நிமிடம். அழகாக இருந்தது. மகனுக்கு அப்பா விட்டுச்சென்ற செய்தி என்று யார் பார்த்தாலும் கண் கலங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, இப்படி ஒன்று கிடைத்தது என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், குளிரா என்று நான் கேட்கப்போகும்போது நீ இடையில் புகுந்தாய். உன் அறையில் இருக்கும் பையனுக்கு அவன் அப்பா வந்திருப்பதாகச் சொன்னாய். இரண்டு பேரும் சேர்ந்து சமைக்கிறார்கள் என்றாய். பிறகு, "ம்மா, ஒண்ணு கேக்கட்டா? அந்த அஞ்சு வாரத்துல அப்பா ஒரு தடவயாவது என்னக் கேட்டாராம்மா? சொல்ல வேணாம்னது சரி. பாக்கணும்னு கேட்டாரா?" என்றாய். என் எதிரில் திரையில் அந்த நாலு நிமிடம் தயாராக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அப்பா சொன்ன மாதிரியேதான், உன் குரலைக் கேட்டதும் ஒன்றும் வரவில்லை. "ஹலோ? ம்மா? கட் ஆவுதா?" என்று நீ கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குச் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கேட்டார், ஜோயல். மருத்துவர் சொன்ன அன்று மாலை கேட்டார். ஸ்கேன் எடுத்துவிட்டு ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மூன்றாவது முறை கேட்டது அந்தப் படத்தில் இருக்கிறது. உன்னை வேண்டாம் என்று அவர் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. நீ இத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த கோபத்துக்குச் சொந்தக்காரி நான்தான். அதை எடுத்து என்மேல் வை. கோபப்படாதே என்று அவர் சொல்லியிருக்கிறாரே என்பதற்காக அதை அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அவர் அப்படிச் சொன்னபோது நான் சொல்லப்போகும் பொய் அவருக்குத் தெரியாது.

வெட்டிய கோப்பை அன்றைக்கே அழித்துவிட்டேன். முழுக்கோப்பை, அந்தப் பெரிய அளவிலேயே, உனக்கு ஏற்றியாயிற்று. நம் வீட்டு இணைப்பில் ஒரு பகல் முழுக்க ஆயிற்று. இணைப்பு முகவரியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது புத்தி சொல்லி முடிக்க வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் செய்து கெட்ட பிறகு கற்றுக்கொண்டது. நாளை உனக்கென்று ஒரு வீடு, மனிதர்கள் என்று வருவார்கள். அவர்களுக்கு எது தாங்காது என்று நீ முடிவு செய்யாதே. செய்தியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில், அது போதும். நான் கொடுக்கவும் இல்லை, பக்கத்தில் நிற்கவும் இல்லை.

நீ என்னைக் கூப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டாலும் சரி, திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் சரி, எடுப்பேன். உன் அறைப் பையன் இல்லாத நேரமாகப் பார்த்து அதைத் திற. காதில் அந்த நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொள். முதலில் அப்பா பேசுவதைக் கேள், எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிக் கேள். ஆறாவது நிமிடத்தில் என் குரல் வரும். அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடாதே.

அம்மா